மாமி எடுப்பித்த மெமரித் துண்டு

எங்கள் கிழக்குக் கரையில் கலியாணம் முடிந்தால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். வீடு பெண்ணுடையது. மற்ற மாப்பிள்ளைகள் ஒரு சூட்கேசோடும் ஒரு சோடிச் சப்பாத்தோடும் போனார்கள். நான் ஒரு கம்பியூட்டரோடு போனேன். லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் கம்பியூட்டரையும் திரையையும் வைத்து, நானும் ஏறி இருந்து இரண்டையும் கட்டிப்பிடித்தபடி சாய்ந்தமருதில் இருந்து மருதமுனைக்குப் புறப்பட்டேன். கல்முனைச் சந்தையில் மீன் வாங்க வந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. புது மாப்பிள்ளை டீவி கொண்டு போகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். பாண்டிருப்பைத் தாண்டும்வரை நான் நெஞ்சை நிமிர்த்தியே இருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம் அது. மருதமுனை வீட்டில் இருந்தது என் மனைவியும் அவளுடைய உம்மாவும் மட்டும்தான். மாமா சவூதியில் இருந்தார். மாமிக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. பின்பக்கக் கொட்டிலில் அவருடைய தறி இருந்தது. அதில் ஆண்கள் உடுக்கும் சாரன் நெய்வார். மாமியார் மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பது மரியாதைக் குறைவு என்பது அந்த வீட்டு வழக்கம். ஆகவே நான் மேசையில் சாப்பிடும்போது, உள்ளறை வாசலில் தொங்கும் சீலைக்குப் பின்னால் இருந்து குரல் மட்டும் வரும்.

“புள்ள, மருமகனுக்கு மீன் காணுமா எண்டு கேளு.”

இரண்டடி தள்ளி நிற்கும் என் மனைவி என்னிடம், “மீன் காணுமா எண்டு உம்மா கேக்காங்க” என்பாள்.

“காணும், போதும்.”

அவள் சீலைப் பக்கம் திரும்பி, “காணுமாம்” என்பாள்.

மாமிக்கு நான் சொன்னது காதில் விழுந்திருக்கும். எனக்கும் அவர் கேட்டது காதில் விழும். இருந்தாலும் அவள் இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று எல்லாவற்றையும் ஒருமுறை சொல்லித்தான் ஆகவேண்டும். அதில் அவளுக்கு அலுப்பே வரவில்லை. சில நேரம் நான் சொல்லாததையும் சேர்த்துச் சொல்வாள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

வந்த முதல்நாளே சீலைக்குப் பின்னால் இருந்து கேள்வி வந்தது: “மருமகன் கொண்டுவந்த சாமான் என்னத்துக்காம்?”

“கந்தோர் வேலைக்கு” என்றேன்.

என் கந்தோரில் அப்போது கம்பியூட்டரே இல்லை. தட்டச்சு இயந்திரம் ஒன்று இருந்தது. அதிலும் ஒரு எழுத்து உடைந்திருந்தது. நான் கம்பியூட்டர் வாங்கியது கார் ஓட்டப் பந்தய விளையாட்டுக்காக. கொழும்பில் ஆறு மாத வகுப்புக்குப் போன காலத்தில் பிடித்த பைத்தியம் அது. மலைப்பாதையில் சிவப்புக் கார் ஒன்றை ஓட்டவேண்டும். ஓடி முடித்த நேரம் முதல் பத்துக்குள் வந்தால் மூன்று எழுத்தில் பெயர் போடலாம். பெயர் போடாமல் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் தானாகவே ‘ஏ ஏ ஏ’ என்று போட்டுக்கொள்ளும்.

பொய் சொன்னது பெரிய விஷயமில்லை. அதை அந்த வீடு நம்பிய விதம்தான் என்னை மாட்டிவிட்டது. கந்தோர் விட்டு வந்து நான் கதிரையில் உட்கார்ந்ததும் பின்னால் தறி நிற்கும். சடக் சடக்கென்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் பாதியில் அறுந்துபோகும். றேடியோ வாயை மூடும். வேலியோரம் விளையாடும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை மாமி விரட்டும் சத்தம் கேட்கும்: “மருமகன் கந்தோர் வேல செய்றாரு, அங்கால போங்கடா.” அந்த நிசப்தத்துக்குள் நான் ஒலிபெருக்கியை அடைத்துவிட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, சிவப்புக் காரை ஓட்டுவேன். திரையின் முதுகு சீலைப் பக்கம் இருக்கும்படி மேசையை முதல்நாளே திருப்பிப் போட்டிருந்தேன்.

அந்த வீட்டில் என் மதிப்பு முழுவதும் இந்த ஒரு பொய்யின் மேல்தான் நின்றது. கலியாணம் முடித்த அரசாங்க உத்தியோகத்தன் மேசையில் குந்திக்கொண்டு பொம்மைக் கார் ஓட்டுகிறான் என்று தெரிந்தால், அந்தக் கதை என் சைக்கிளைவிட வேகமாகச் சாய்ந்தமருதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. விளையாட்டை விடுவதற்கும் மனமில்லை.

மனைவி மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். தேத்தண்ணி கொண்டு வந்தவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “கந்தோரில இப்ப காரும் ஓடுறாங்களா?” என்றாள். நான் அவளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்து, காதும் காதும் வைத்தாற்போல் விஷயத்தை முடித்தேன். நான் கந்தோருக்குப் போன பிறகு இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டாள். உம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கை அவள் காப்பாற்றினாள் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

இனி அந்தக் காரின் நோய்க்கு வருகிறேன். மலைப்பாதை முடிந்து, ஒரு குகைக்குள்ளால் போய் வெளியே வந்தால் கடற்கரை. சரியாக அந்த இடத்தில் கார் விறைத்து நிற்கும். பெட்டிக்குள் கர்ர் கர்ர் என்று அரைக்கும். சிவப்பு விளக்கு படபடக்கும். நான் பதறிப்போய் விசைகளை அமுக்குவேன். பிறகு கார் ஒரே துள்ளாகத் துள்ளும். கண்ணைத் திறந்து பார்த்தால் கடலுக்குள் கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இதே கூத்து.

எனக்குத் தெரிந்த கைவைத்தியம் எல்லாம் செய்தேன். படத்தின் தரத்தைக் குறைத்தேன். முதலில் பார்வையாளர்கள் காணாமல் போனார்கள், பிறகு மரங்கள் போயின, கடைசியில் வானமும் வெறும் நீலச் சுவர் ஆனது. அப்படியும் கார் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டிஸ்க்கைச் சீர்செய்ய விட்டேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் காலையில் இருந்து பின்னேரம்வரை இடம் மாறிக்கொண்டிருந்தன. இடையில் மின்சாரம் தளர்ந்தால் எல்லாம் பாழாகிவிடும் என்று சொல்லிவைத்ததால், அன்றைக்கு வீட்டில் யாரும் அயன் பெட்டியைத் தொடவில்லை. “மருமகன்ட வேல இண்டைக்கு முடியுமாமா?” என்று மாமி இரண்டு தரம் கேட்டனுப்பினார். முடிந்தபின் ஓட்டிப் பார்த்தேன். கார் கடலுக்குள் போனது.

இன்னொரு வேலையும் செய்தேன், அல்லாஹ் மன்னிக்கவேண்டும். முதல்நாள் மாமியின் மனத்தைக் கவர்வதற்காகத் திரையின் பின்னணியில் மக்காவின் படம் ஒன்றைப் போட்டு, மனைவியிடம் சொல்லியனுப்பியிருந்தேன். அந்தப் படமும் மெமரியில் கொஞ்சத்தை விழுங்குகிறது என்று தெரிந்ததும், ஆள் பார்க்காத நேரம் எடுத்துவிட்டேன். அடுத்தநாள் மனைவி வந்து, “மக்கா படம் எங்க எண்டு உம்மா கேக்காங்க” என்றாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் படத்தைத் திரும்பப் போட்டேன். நான் இருக்கும் நேரத்தில் முன்னறைக்கே வராத மாமிக்கு, நான் இல்லாத நேரத்தில் அணைந்து கிடக்கும் திரையில் படம் இல்லை என்பது எப்படித் தெரிந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கந்தோரில் என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்வார்கள்.

அதே வாரம் பட்டியலில் என் பெயருக்கு மேலே ‘ஏ ஏ ஏ’ ஏறி நின்றது.

மனைவியைக் கேட்டேன். “அல்லாவுக்காக நானில்ல” என்றாள். அவள் பொய்ச் சத்தியம் செய்யமாட்டாள். மெமரி குறைந்த கம்பியூட்டர் தன் பாட்டில் எதையோ எழுதுகிறது என்று முடிவுகட்டினேன். மறுவாரம் ‘ஏ ஏ ஏ’ இன்னும் ஐந்து வினாடி குறைத்திருந்தது. என் கம்பியூட்டரே என்னைத் தோற்கடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கந்தோரில் என் பக்கத்து மேசைக்காரன் பாண்டிருப்பைச் சேர்ந்தவன். கம்பியூட்டரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன். அவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

“மச்சான், உன்ட மிசினில மெமரி பதினாறு எம்பிதான் கிடக்கு” என்றான். “மலையும் கடலும் ஒண்டாப் பிடிக்காது. மலைய இறக்கி வச்சிட்டுத்தான் கடல ஏத்தணும். ஏத்தி முடியும் மட்டும் கார் நிக்கும். மெமரி போடு, வேற மருந்தில்ல.”

மெமரி வாங்கக் கொழும்புக்குத்தான் போகவேண்டும். கந்தோரில் வீட்டு விஷயம் என்று லீவு எடுத்தேன், வீட்டில் கந்தோர் விஷயம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மாமி வழிக்குச் சாப்பிட இடியப்பம் கட்டித் தந்தார். அதை அவிழ்த்துச் சாப்பிடும்போது வெட்கமாக இருந்தது. பசியும் இருந்ததால் சாப்பிட்டேன்.

திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பைக்குள் இருந்து ஒரு விரல் நீளப் பச்சைத் தகடு வெளியே வந்தது, அதில் வரிசையாகக் கறுப்புச் சில்லுகள். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அப்படியொரு சாமானைப் பையில் வைத்திருப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. சிப்பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அடையாள அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “கேம் கஹன்னத?” என்றான் சிங்களத்தில். விளையாடவா என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. “ஒவ் மஹத்தயா” என்று ஆமோதித்தேன். அவன் சிரித்துக்கொண்டே தகட்டைத் திருப்பித் தந்தான். கந்தோருக்கும் மாமிக்கும் சொல்லாத உண்மையை வழியில் நின்ற ஒருவனுக்குச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து தகட்டைப் பூட்டினேன். கம்பியூட்டரைப் போட்டதும் திரையின் மூலையில் மெமரியின் எண்ணிக்கை ஏறும். ஏறி, பழையபடி பதினாறில் நின்றது. நூறு தரம் கழற்றிப் பூட்டியிருப்பேன். மறுநாள் பாண்டிருப்புக்காரன் கந்தோர் விட்டு நேரே என்னோடு வீட்டுக்கு வந்தான். பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தவன் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒண்டுதான் வாங்கினியா?”

“ஓம். ஏன்?”

“இந்த மிசினுக்குச் சோடியாத்தான் போடணும். ஒத்தையாப் போட்டா அது கணக்கிலயே எடுக்காது.”

நான் கேட்காமல் வாங்கியிருந்தேன். கடையில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். தெரிந்தவன் போல நடிக்கப்போய் வாய் திறக்கவில்லை. அவன் போகும்போது பழைய தகடுகளின் ஓரத்தைக் காட்டினான். கடற்காற்றில் கறுத்துப்போயிருந்தன. பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்துத் துடைக்கச் சொன்னான். துடைத்தேன். பளிச்சென்று வந்தது, கார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

அன்றைக்குச் சாப்பிடும்போது கொஞ்சம் சத்தமாகவே மனைவியிடம் சொன்னேன், இன்னொரு துண்டு வேண்டும், இல்லாவிட்டால் கந்தோர் வேலை தடைப்படும் என்று. இன்னொரு லீவுக்கு அத்திவாரம் போடுவதுதான் நோக்கம். சீலைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

“என்ன சைஸ், என்ன நம்பர் எண்டு வடிவா எழுதித் தரச் செல்லு.”

மாமியின் தம்பி மாதத்தில் இரண்டு தரம் சாரன் கட்டுகளை லொறியில் கொழும்புக்குக் கொண்டுபோவார். என் கடதாசித் துண்டு அவரோடு போனது. இரண்டு வாரம் கழித்து, விற்காமல் திரும்பி வந்த சாரன் ஒன்றின் மடிப்புக்குள், ரோசாப்பூ நிறப் பிளாஸ்திக் உறைக்குள், அச்சொட்டாக அதே தகடு வந்து சேர்ந்தது. மருமகனுக்குக் குறை வைக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார் என்று எண்ணினேன். அவருடைய நெசவில் கிடைத்ததைக் கொண்டு எனக்கு விளையாட்டுக் கார் ஓட வழி செய்துவிட்டாரே என்று மனம் குத்தியது. ஆனாலும் அன்று பின்னேரமே பூட்டினேன்.

எண்ணிக்கை ஏறியது. பதினாறைத் தாண்டியது. முப்பத்திரண்டில் போய் நின்றது. மரங்களைத் திரும்ப நட்டேன், வானத்தைத் திரும்ப விரித்தேன். கார் குகைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. நிற்கவில்லை. எண்ணெய் பூசிய மாதிரி வழுக்கிக்கொண்டு கடற்கரையோடு ஓடியது. எனக்குக் கத்தவேண்டும் போல் இருந்தது. கந்தோர் வேலை செய்கிறவன் எப்படிக் கத்துவது? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்று நாளில் ‘ஏ ஏ ஏ’யை இறக்கிவிட்டு என் பெயரை உச்சியில் ஏற்றினேன். அதன்பிறகு ‘ஏ ஏ ஏ’ பட்டியலில் மேலே வரவேயில்லை. மெமரிக் கோளாறுதான் என்று நான் சொன்னது சரியாகிவிட்டது என்று மனைவியிடம் பெருமையடித்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குப் போனாள்.

அந்த வாரத்தில் இருந்து வீட்டில் காற்று மாறியது. பொரித்த மீன் வருவது நின்று வெறும் தேங்காய்ப்பால் சொதி வந்தது. தேத்தண்ணியில் சீனி குறைந்தது. மீன் காணுமா என்ற கேள்வியும் வரவில்லை, மீனே இல்லாததால் அது நியாயம்தான். காலையில் தறி ஓடும்போது மிதிபலகையை யாரோ உதைப்பது போலச் சத்தம் கேட்டது. நான் என்ன பிழை செய்தேன் என்று மனைவியைக் கேட்டேன். “உங்களுக்கு விளங்காது” என்று மட்டும் சொன்னாள். பொய் வெளிப்பட்டுவிட்டதோ என்று பயந்தேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு அதே லேண்ட்மாஸ்டரில் திரும்பிப் போவது போலெல்லாம் நினைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை பின்னேரம். நான் குகையை நெருங்கிக்கொண்டிருந்தேன். வாசல் சீலை அசைந்தது. மனைவி என்று நினைத்துத் திரும்பாமல் இருந்தேன்.

“மருமகன்.”

என் கை தானாகவே திரையை அணைத்துவிட்டது. எழுந்து நின்றேன். மாமி சீலைக்கு இந்தப் பக்கம் நின்றார். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கலியாணம் முடித்து எட்டு மாதத்தில் அவர் நேரே என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்தரம். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்று மனைவியைத் தேடினேன். சீலைக்குக் கீழே அவளுடைய கால்விரல்கள் தெரிந்தன. இப்போது அவள் அந்தப் பக்கம் நின்றாள்.

“நான் எடுப்பிச்சித் தந்த துண்டக் கழட்டித் தாங்க” என்றார் மாமி.

“ஏன் மாமி, அதுல ஏதும் பிழையா?”

“பிழையில்ல.” மணிக்கூட்டில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “கார் நிக்க வேண்டிய இடத்தில நிக்குதில்ல.”

எனக்குக் காது இரண்டும் சுட்டது. சீலை குலுங்கிச் சிரித்தது.

மாமி நிதானமாக, தறியில் ஒரு பழுதைக் காட்டுவது போல, விளங்கப்படுத்தினார். “குகையால வெளியாக முந்தி கைய எடுத்திட்டு மூணு எண்ணுவன். அது நிண்டு எழும்பக்குள்ள கார் நேரா இரிக்கும். இப்ப நான் மூணு எண்ணி முடியக்குள்ள அது கடலுக்குள்ள கிடக்கு. நூல் சிக்கினா கைய எடுக்கணும், போட்டு இழுக்கப்படா. நீங்க இழுக்கிற ஆள், அதான் உங்களுக்கு அது சரிவரல்ல.”

“அப்ப ஏன் மாமி வாங்கித் தந்தீங்க?”

“நிக்காட்டி இன்னும் கெதியா ஓடலாம் எண்டு நினைச்சன்” என்றார். “பழகின கை கேக்குதில்ல.”

“ஓம் மாமி” என்றேன்.

கம்பியூட்டரை அணைத்துப் பெட்டியைத் திறந்தேன். மாமி பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். எது அவருடையது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரி. அவர் குனிந்து, இடப்பக்கத்தைக் காட்டினார். கழற்றிக் கொடுத்தேன். கம்பியூட்டரைப் போட்டபோது எண்ணிக்கை ஏறுவதை மாமி கண் இமைக்காமல் பார்த்தார். பதினாறில் நின்றதும் தலையாட்டினார். தகட்டை நூல் சுற்றிய தார்களைப் போட்டுவைக்கும் பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு மூடினார்.

சீலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது, “ம். கந்தோர் வேலயப் பாருங்க” என்றார்.

நான் கதிரையில் உட்கார்ந்தேன். வெட்கம் தீரவில்லை. அதற்குள் சிரிப்பும் வந்தது. காரை எடுத்தேன். மலையில் பாதி தாண்டியிருப்பேன், பின்னால் தறி சடக் சடக்கென்று ஓடத் தொடங்கியது. நான் அந்தக் கதிரையில் இருக்கும்போது அது ஓடியது அன்றைக்குத்தான் முதல்தரம். அதற்குப் பிறகு அந்தத் தறி எனக்காக ஒருநாளும் நிற்கவில்லை.